சத்தம் போடாத ஃபேன்

வாங்க தம்பி, உக்காருங்க. கம்ப்யூட்டர் கடை ரியாஸ் போன்ல சொன்னான். ஃபிட்டரய்யா, ஒருத்தர் வருவாரு, வீட்டுல இருந்தே வேலை பாக்கறவரு, அவரு கம்ப்யூட்டர் ஃபேன் போடற சத்தத்துல கொழந்தை தூங்க மாட்டேங்குதாமா, எந்த ஃபேன் வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்னான். நல்லவேளை இங்க வந்தீங்க. கடையிலயே கேட்டிருந்தீங்கன்னா கலர் கலரா லைட் எரியற ஃபேனாப் பாத்து மூணு உங்க தலையில கட்டியிருப்பான். கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி மின்னும். ஆனா அது போடற சத்தம் காதுக்கு எரிச்சலுங்க.

அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க.

போட்டோவைப் பாக்கறீங்களா? என்ற சம்சாரம், மயிலாத்தா. சித்திரையில போயிட்டா. ரெண்டு மாசமாச்சு. ரியாஸ் ஏதாச்சும் சொன்னானுங்களா? சொல்லியிருப்பான். இந்த ஒண்டிப்புதூர்ல எவனைக் கேட்டாலும் சொல்லுவான், நாச்சிமுத்து ஃபேனை மாத்தியே பொண்டாட்டியைக் கொன்னுட்டான்னு. வாய் இருக்குது, பேசறானுக. நீங்க ஃபேன் கேக்க வந்திருக்கீங்க, நான் ஃபேனைப் பத்தியே சொல்றேன். முழுசாக் கேட்டுப்போட்டு நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க.

முப்பத்தொரு வருசம் மில்லுல ரிங் ஃப்ரேம் ஃபிட்டருங்க நான். நூல் நூக்கற மிஷினு. ஒரு ஃப்ரேம்ல நானூறு ஸ்பிண்டில், அப்படி நாப்பது ஃப்ரேமு ஒரே கொட்டாய்ல ஓடும். பக்கத்துல நிக்கறவன்கிட்டக் கையைக் காட்டித்தான் பேசோணும். ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்தாலும் காதுக்குள்ள மில்லு ஓடிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளயும் எந்த பியரிங் சாகப் போகுதுன்னு நான் சொல்லிப்போடுவேன். ஸ்க்ரூ டிரைவர் முனையை பியரிங் மேல வெச்சு, பிடியைக் காதோட ஒட்டி வெச்சுக் கேக்கோணும். டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுக் கேக்கற மாதிரிதான். சூப்பர்வைசர் என்னைக் கேட்டுப்போட்டுத்தான் மிஷினை நிறுத்துவாரு. ஒருக்காக்கூடத் தப்பினதில்லைங்க. ஒருக்காக்கூட.

ரிட்டயர் ஆனதும் என்ற பொண்ணு பூங்கொடி இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் குடுத்தா. அவ ஈரோட்டுல இருக்கறா. எங்கிட்ட நானூறு கேசட் இருக்குது, எல்லாம் நாகஸ்வரம், கோயில் திருவிழாவுல நானே ரெக்கார்ட் பண்ணுனது. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, கேசட் இரைச்சலை எடுக்கோணும்னு ஆசை. இரைச்சல் எங்க இருக்குதுன்னு தெரியோணும்னா ரூமு சத்தமில்லாமப் பொட்டாட்ட இருக்கோணுமல்ல? இந்தப் பொட்டி போட்ட சத்தம் இருக்குதே! மறுபடி மில்லுக்குள்ள போய் நின்னாப்பல ஆயிப்போச்சு. ரிட்டயர் ஆயும் எனக்கு விடிவு இல்லையான்னு அழுகையே வந்துருச்சுங்க. நெசமாத்தான் சொல்றேன்.

அப்பறம் இறங்கினேன் பாருங்க. ஆறு மாசத்துல ஏழு ஃபேன். எழுதிக்கறீங்களா? எழுதிக்கோங்க. பன்னெண்டு சென்டிமீட்டருக்குக் குறைஞ்சு வாங்காதீங்க. சின்ன ஃபேன் வேகமாச் சுத்தும், வேகமாச் சுத்துனா கத்தும். பெரிசு மெதுவாச் சுத்தும். உள்ள இருக்கற பியரிங் என்னன்னு கேளுங்க. வெறும் புஷ் வளையம் வெச்சது ஆறு மாசம் நல்லா இருக்கும், எண்ணெய் காஞ்சதும் சிள்வண்டு மாதிரி ஆரம்பிச்சுரும். எண்ணெய்லயே மிதக்கற பியரிங் ஒண்ணு வருது, அதை வாங்குங்க, பத்து வருசம் போகும். ஸ்க்ரூவுக்குப் பதிலா ரப்பர் பின்னு போட்டு மாட்டோணும், அப்பத்தான் தகரம் அதிராது. அட்டைப் பெட்டியில சத்தம் இத்தனை டெசிபல்னு போட்டிருப்பான், அதுல நாலைக் கூட்டிக்கோங்க. அதுக்குக் கீழ காத்து இவ்வளவு தள்ளும்னு இன்னொரு நம்பர் இருக்கும். அதெல்லாம் ஏமாத்து வேலை, பாக்காதீங்க. ஃபேன்னா காத்து வராமயா இருக்கும்?

ஏழாவதா ஒண்ணு மாட்டுனேன். பழுப்புக் கலரு, பாக்கறதுக்கு அழகாவே இருக்காது. ஓடுதா நிக்குதான்னே தெரியாது, றெக்கைக்கு முன்னாடி ஒரு நூலைப் பிடிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். நான் மயிலாத்தாளைக் கூப்புட்டு, ‘இங்க வா அம்மிணி, என்ன கேக்குது சொல்லு’ன்னேன். ‘ஒண்ணும் கேக்கலீங்க மாமா’ன்னா. ‘அதுதான்’னேன்.

அவளும் அதே மில்லுலதானுங்க வேலை பாத்தா, கழிவுப் பஞ்சு பிரிக்கற இடத்துல. இருவத்திரண்டு வருசம். எனக்குக் காதுன்னா அவளுக்கு நெஞ்சு. தூசி போய் அடைஞ்சுக்கிச்சு. மூச்சு விட்டா உள்ள ஒரு பூனை கத்தும். இருமல் வேற. ஆனா அவ நல்லவ தம்பி, சும்மா சொல்லக்கூடாது. நான் கேசட் வேலையா உக்காந்திருந்தா தலையணையில வாயை வெச்சு அமுக்கிக்கிட்டு இருமப் பழகிட்டா. நான் சொல்லலீங்க, அவளாவே. ஒருக்கா ரெண்டுக்கா மூஞ்சியைச் சுளிச்சிருப்பேன், அவ்வளவுதான்.

போன தை மாசம் ஆஸ்பத்திரியில ஒரு வாரம் வெச்சிருந்து அனுப்புனாங்க. இனி ராப்பகலா ஆக்ஸிஜன் வேணும்னு சொல்லிட்டாரு டாக்டரு. பூங்கொடிதான் அந்த மிஷினைக் கொண்டுவந்து எறக்குனா. காத்துல இருந்தே ஆக்ஸிஜனைப் பிரிச்செடுக்குமாமா. குழாயை மூக்குல மாட்டிக்கோணும். ஒரு சின்ன பீரோ கணக்கா அவ கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுச்சு. கரண்டு போச்சுன்னா ஆத்தர அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் வெச்சுட்டுப் போனா.

அந்த மிஷினு சத்தத்தை நீங்க கேட்டிருக்கோணுமே! உள்ள கம்ப்ரஸரு உருமுது. பத்து செகண்டுக்கு ஒருக்கா ‘புஸ்’ஸுங்குது. அது பத்தாதுன்னு பின்னாடி ஒரு ஃபேன், மாவு மில்லு தோத்துப்போகும். கரண்டு போச்சுன்னா ‘கீ’ன்னு ஒரு பஸ்ஸர், தெருவே எட்டிப்பாக்கும். என்ற நெலமையை யோசிங்க. ஏழு ஃபேன் மாத்தி, ஆறு மாசம் அலைஞ்சு, ஊட்டைக் கோயில் கருவறை மாதிரி வெச்சிருக்கறேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் மில்லு ஓடுது.

மயிலாத்தாளுக்கு அந்தச் சத்தம் பிடிச்சிருந்துச்சுங்க. ஆமாங்க, பிடிச்சிருந்துச்சு! ‘சத்தம் கேட்டுட்டே இருந்தாத்தான் மாமா, மிஷின் ஓடுதுன்னு மனசுக்குத் தெகிரியமா இருக்குது. நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்’னா. பொம்பளை புத்தி. சத்தம் போடறது ஓடறதுக்கு அடையாளமா? முப்பத்தொரு வருசம் ஃபிட்டரா இருந்தவன்கிட்டச் சொல்றா. சத்தம் போட்டா மிஷினு சாகப் போகுதுன்னு அர்த்தம்.

ரெண்டு மாசம் பொறுத்தேன். பங்குனிக் கடைசியில ஒரு நாள் மூடியைக் கழட்டிட்டேன். பிரிக்கக் கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். அதெல்லாம் தெரியாதவனுக்கு ஒட்டறது. அவளுக்கு சிலிண்டரைத் திருகி விட்டுட்டுத்தானுங்க பிரிச்சேன், அவ்வளவு பொறுப்பா. உள்ள பாத்தா எனக்குச் சிரிப்பு. நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற அதே ஃபேனுதான்! அதே பன்னெண்டு சென்டிமீட்டரு, அதே பன்னெண்டு வோல்ட்டு, நாலு மூலையில நாலு ஓட்டை. என்ன, கம்பெனிக்காரன் மட்டமான பியரிங் போட்டு, நிமிசத்துக்கு மூவாயிரம் சுத்துல கண்ணு மண்ணு தெரியாம ஓடவிட்டிருக்கறான்.

இந்த இடத்தைக் கவனிங்க தம்பி. எங்கிட்ட நல்ல ஃபேனு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அந்தப் பழுப்புக் கலரு. அதை என்ற கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டி அவ மிஷினுக்கு மாட்டுனேன். எனக்குப் பழைய ஃபேனை, அஞ்சாவதா வாங்குனதை, எடுத்துப் போட்டுக்கிட்டேன். எந்தப் புருசன் செய்வான்? பூங்கொடிகிட்ட இதைச் சொன்னேன். காதுலயே வாங்கலை.

பஸ்ஸர் ஒயரையும் உருவிட்டேன். கரண்டு போனா எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டரே அணைஞ்சு போகுமே. அதுக்கு எதுக்கு ஒரு பஸ்ஸர்?

மூடியைப் போட்டு மிஷினை ஓட்டுனேன். பாதிக்கு மேல சத்தம் போயிருச்சு. ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக் கேட்டேன், பியரிங் தண்ணி மாதிரி ஓடுது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அவ என்ன கேட்டா தெரியுங்களா? தலையைத் தூக்கி, கண்ணு ரெண்டும் இத்தாப்பெரிசா வெச்சுக்கிட்டு, ‘நின்னுபோச்சுங்களா மாமா?’ன்னா. நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

ஆனா அந்தக் கேள்வியை அவ விடலீங்க. அன்னிக்கே நாலு தடவை. ‘ஓடுதுங்களா மாமா?’ மறுநாளு விடிஞ்சதும், ‘மாமா, ஓடுதுங்களா?’ கேசட்டைப் போட்டு ஹெட்போனை மாட்டிட்டு உக்காருவேன், அங்கிருந்து ஈன சுரத்துல ‘மாமா’ன்னு வரும். எந்திரிச்சுப் போய்ப் பாத்தா, ஓடுதுங்களாங்கறதுதான் கேள்வி. எத்தனை நாளைக்குப் பொறுப்பான் மனுசன்? மிஷின் மேல தண்ணி பாட்டில் ஒண்ணு இருக்கும், ஆக்ஸிஜன் அதுக்குள்ள பூந்துதான் வரும். அதைக் காட்டி, ‘இந்தா, இதுல குமிழி வருதல்ல? குமிழி வந்தா ஓடுதுன்னு அர்த்தம். இதைப் பாத்துக்கோ. இன்னொருக்கா என்னைக் கூப்புட்டு ஓடுதான்னு கேட்டியோ, நான் இந்த ஊட்டுலயே இருக்க மாட்டேன்’னு சொல்லிட்டேன். கோவத்துல சொல்றதுதானுங்க. புருசன் பொண்டாட்டிக்குள்ள இல்லாததா?

அதோட கேக்கறதை விட்டுட்டா. நான் எட்டிப் பாக்கறப்பெல்லாம் அந்தப் பாட்டிலையேதான் பாத்துட்டுப் படுத்திருப்பா. தூக்கம் கொறைஞ்சுபோச்சு. பகல்ல நான் வேலையா இருக்கறப்ப கதவையும் சாத்திக்குவேன், அந்த ‘புஸ்’ஸு ஒண்ணு மட்டும் வந்துட்டே இருக்குமல்ல? அதை எந்த ஃபேன் மாத்தியும் நிறுத்த முடியாது.

பதினோரு நாளு தம்பி. என்ற ஆயுசுல அந்தப் பதினோரு நாளு மாதிரி நிம்மதியா இருந்ததில்லைங்க. முப்பத்தி ரெண்டு கேசட் முடிச்சேன்.

பன்னெண்டாவது நாளு. சித்திரை பொறந்து ஒரு வாரம் இருக்கும், வெயிலு மண்டையைப் பொளக்குது. மத்தியானம் அவளுக்கு ரசஞ்சோறு கரைச்சுக் குடுத்துட்டு, கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தேன். அஞ்சு மணிக்குக் காப்பி போட்டுக் கொண்டுபோனேன். போய்ப் பாத்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. கட்டில்ல குறுக்க கிடந்தா. ஒரு கையி சிலிண்டர் பக்கம் தொங்கிட்டிருந்துச்சு. மூக்குல குழாய் இருந்தபடியே இருக்குது.

நான் மொதல்ல மிஷினுக்குப் பின்னாடிதானுங்க கையை வெச்சேன். ஃபேன் ஓடுது! அப்படியே, அலுங்காம நலுங்காம ஓடுது. அப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சு. நம்ம ஃபேனால இல்லைன்னு தெரிஞ்சுபோச்சல்ல?

கம்பெனியில இருந்து ஒரு மெக்கானிக் வந்தான், இருவத்தஞ்சு வயசு இருக்கும். தொறந்து பாத்துட்டு, ‘கம்ப்ரஸர் சூடேறித் தானா நின்னிருக்குதுங்க. இந்த ஃபேன் தள்ளற காத்து அதுக்குப் பத்தாது. பஸ்ஸர் இருந்திருந்தாக் கத்தியிருக்கும், அதையும் கழட்டி வெச்சிருக்கீங்களே’ன்னான். ஏம்ப்பா, ஃபேன் நிக்காம ஓடிட்டுத்தானே இருக்குதுன்னேன். ‘ஃபேன் ஓடுச்சுங்க, மிஷின்தான் நின்னுபோச்சு’ங்கறான். அவங்க கம்ப்ரஸர் வெயில் தாங்காமப் போனதுக்கு என்ற ஃபேனு மேல பழியைப் போடறான். டாக்டரு ஆஸ்பத்திரியிலயே சொன்னாரு, இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோன்னு. அதை யாராச்சும் பேசறாங்களா?

பூங்கொடி வந்தா. அவ அம்மா மேல விழுந்து அழுதா, ஒறம்பற சனமெல்லாம் அழுதாங்க. நானும் அழுதேன். நாப்பது வருசம் கூட இருந்தவ, அழுகாம இருப்பனா? காரியம் முடிஞ்ச அன்னிக்கு அவ என் முன்னால வந்து நின்னா. ‘அப்பா, நீங்க ஹால்லதான் இருந்தீங்க. இடையில ஒரு செவுருதான். அம்மா உங்களைக் கூப்புடவே இல்லையா?’ன்னா. ‘இல்லை’ன்னேன். ‘சிலிண்டரைத் திருகி விட்டிருந்தாப் பொழைச்சிருப்பாங்களேப்பா’ன்னா. ‘கூப்புட்டிருந்தா வந்து திருகியிருப்பேன், கூப்புடலை’ன்னேன். அதுதானுங்க உண்மை. கூப்புடலை.

அவ அந்த ரூமுக்குள்ள போனா. ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்து என்ற கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. ஹாலை ஒட்டுன தலைமாட்டுச் செவுத்துல, கட்டிலுக்கு மேல, சுண்ணாம்பு பேந்து வட்டம் வட்டமாத் தடம் இருந்துச்சு. கீழ திருநீறு டப்பா நசுங்கிக் கிடந்துச்சு. ‘கூப்புட மூச்சு இல்லாமத் தட்டியிருக்காங்கப்பா’ன்னா. ‘எத்தனை தடம்னு எண்ணிப் பாருங்க’ன்னா. அன்னிக்கு ஈரோடு போனவதான். போன் போட்டா எடுக்கறதில்லை. பேரனைக்கூட எங்கிட்டப் பேச விடறதில்லை. பெத்த அப்பனைப் பத்தி இப்படி நினைச்சா நான் யாருகிட்டப் போய்ச் சொல்லறது?

ஏன் எந்திரிக்கறீங்க? இருங்க தம்பி. கடைசியா ஒண்ணு இருக்குது, உங்க ஃபேனுக்கும் அது ஆகும்.

மயிலாத்தா போன அன்னிக்கு மத்தியானம் ஒரு சத்தம் வந்துச்சு. நான் இல்லைங்கலை. மூணு மணி சுமாருக்கு, ஹெட்போனுக்குள்ள ‘டொக்’குன்னு. மொதல்ல கேசட்டுலதான் இருக்குதுன்னு நினைச்சேன். தவில்காரர் கையாக்கும்னு நினைச்சுத் திருப்பி ஓட்டிப் பாத்தேன், இல்லை. மறுபடியும் ஓட்டிப் பாத்தேன், அப்பவும் இல்லை. ஹெட்போனைக் கழட்டுனேன். ‘டொக் டொக்’குன்னு வெளியிலதான் வருது. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, நான் போட்டுக்கிட்ட பழைய ஃபேனுதான், ஆட்டம் குடுத்துருச்சுன்னு. நல்லதை அவளுக்குக் குடுத்துட்டு நான் மட்டமானதைப் போட்டுக்கிட்டேனல்ல, அதோட கூலி.

ஃபேன் சத்தம்னா ஒரே சீரா வரோணும். இது அப்படி வரலை. மூணு தடவை வருது, நிக்குது. அப்பறம் ரெண்டு. அப்பறம் ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு. முப்பத்தொரு வருசத்துல இப்படி ஒரு பியரிங்கை நான் கேட்டதில்லை, அதனாலயே விடக்கூடாதுன்னு உக்காந்துட்டேன். பொட்டியைப் படுக்கவெச்சு, பக்கவாட்டுத் தகரத்தைக் கழட்டி, ஸ்க்ரூ டிரைவரைக் காதுல வெச்சு ஒவ்வொரு மூலையாக் கேட்டேன். அரை மணி நேரம் இருக்கும். பின்னாடி மேல்பக்கத்து ஸ்க்ரூ ஒண்ணு லேசா நெகிழ்ந்திருந்தாப்பல தெரிஞ்சுச்சு. அரைச் சுத்து இறுக்குனேன். இன்னொருக்கா ‘டொக்’குன்னுச்சு, ரொம்ப மெல்ல. இன்னும் ஒரு கால் சுத்து இறுக்குனேன். நின்னுபோச்சு. அதுக்கப்பறம் நான் காப்பி போட எந்திரிக்கற வரைக்கும் வரவே இல்லை.

நீங்களே சொல்லுங்க தம்பி. பூங்கொடி சொல்ற மாதிரி அவதான் தட்டியிருந்தான்னா, நான் இங்க ஸ்க்ரூவை இறுக்குனா அது எப்படீங்க நிக்கும்?